மூன்றாவது தொட்டி

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி? மாமாவுக்கு மூச்சிறைப்பு குறைந்ததா? போனில் கேட்கலாம் என்றால், மாமாவுக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போடுகிறாய். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று புரிந்துகொள்ள, கடைசியில் மூன்று பேரும் கத்திவிட்டு வைக்கிறோம். அதற்குக் கடிதமே மேல்.

இந்த முறை என்னை எங்கே அனுப்பியிருக்கிறார்கள் தெரியுமா? நீங்கள் இருந்த பெட்ரோல் பங்குக்கு! மாமா இருபது வருஷத்துக்கு மேல் மேனேஜராக இருந்த அதே இடம். பங்கை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது ஒருவர் அதை வாங்கி மழலையர் பள்ளி கட்டப்போகிறார். அதற்கு முன் அங்கே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று துளை போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் பிழைப்பே அதுதானே.

வரைபடத்தில் இரண்டே தொட்டிகள். இரண்டும் சாலையோரம். மூடியபோதே தோண்டி எடுத்தாயிற்று, வேறு தொட்டி இல்லை என்று மாமா எழுதிக் கையெழுத்திட்ட காகிதமும் இருக்கிறது. அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் முடிகிற வேலை என்றுதான் வந்தேன். வந்த அன்றே துளை போடும் இயந்திரத்தின் பல் உடைந்தது. மாற்றுப் பல் வர ஒன்பது நாள் ஆகுமாம். ஒன்பது நாளும் அறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்க்க வேண்டியதுதான்.

நீங்கள் குடியிருந்த பின்பக்க வீடு இன்னும் நிற்கிறது. கூரைத் தகடு பாதி இல்லை. லீவுக்கு வந்தால் நான் படுக்கும் முன்னறையில் யாரோ பழைய டயர்களை அடுக்கியிருக்கிறார்கள். சமையலறை அலமாரியில் நீ ஒட்டிய பூப்போட்ட காகிதம் மட்டும் அப்படியே இருக்கிறது. மாமாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி இறங்கும்போது மட்டும் உயிர் போகிறது. அதனால் இறங்குவதையே குறைத்துக்கொண்டேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே. போன தடவை வந்தபோது கருவாடு மாதிரி இருந்தாய்.

பங்க் விஷயத்தை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய கதை பேச ஆரம்பித்தால் விட மாட்டார். பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாடி வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை மாற்றுகிறேன் என்று நாலு நாளாகச் சுவரை இடிக்கிறார். தலைவலி தாங்கவில்லை.

இடிந்த வீட்டுக்குள் எல்லாம் எதற்குப் போகிறாய்? பாம்பு கீம்பு இருக்கும். தொட்டி முன்பக்கம் என்றால் முன்பக்கமே பார்த்து முடித்துக்கொண்டு கிளம்பு.

பின்வீட்டுத் தையல்காரம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாளா? சும்மா கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். படி இறங்காமல் இருப்பது வைத்தியம் இல்லை, டாக்டரிடம் காட்டு. மாடி வீட்டுக்காரர் இடித்து முடித்தாரா?

என் கதையைக் கேள். முன்பக்கம் ஆறு துளை போட்டோம். மண் குழந்தை மாதிரி சுத்தம். சரி, பெயருக்குப் பின்பக்கமும் ஒன்று போட்டுவிட்டு மூட்டை கட்டலாம் என்று உங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் போட்டேன். மூன்று மீட்டரில் மண் சாம்பல் நிறமாக மாறியது. மேலே வந்த மண்ணில் அடித்த பெட்ரோல் வாசனையில் இயந்திரம் ஓட்டுபவர் வாயிலிருந்த பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். அத்தனை தடவை சொல்லியும் வேலையிடத்தில் பீடி பிடித்த மனுஷர், அன்றைக்குத்தான் விட்டார்.

நிலத்தடி நீர் சாலையிலிருந்து உங்கள் வீட்டுப் பக்கமாக ஓடி, மதிலைத் தாண்டித் தையல்காரம்மா வீட்டுக் கிணற்றை நோக்கிப் போகிறது. முன்பக்கத் தொட்டிகள் ஒழுகியிருந்தால் நடுவிலுள்ள மண்ணிலும் பெட்ரோல் இருக்க வேண்டும். அங்கேயும் இரண்டு துளை போட்டோம், துளி இல்லை. அப்படியானால் அது கிளம்பிய இடம் பின்பக்கமே எங்கேயோ இருக்கிறது.

இடையில் லேப் வேறு. பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது என்று பதினொரு மாதிரிகளை வேண்டாம் என்றுவிட்டார்கள். பத்து நாள் உழைப்பு குப்பையில். மேலாளர் என்னைத் திட்டுகிறார், நான் லாரிக்காரரைத் திட்டுகிறேன், அவர் வெயிலைத் திட்டுகிறார்.

உன்னால்தான் எனக்கு உதவ முடியும். கொல்லைப்பக்கம் முன்பு என்ன இருந்தது? தொட்டி, குழாய், எண்ணெய்க் குழி, எதுவானாலும் சரி. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுது. ஆமாம், தையல்காரம்மா அங்கேதான் இருக்கிறார். நான் யார் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்புடன்,
தம்பி


மே 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். புரை முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். எனக்கு முழங்காலுக்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். கட்டினால் கால் மரத்துப்போகிறது, அவிழ்த்தால் வலிக்கிறது. மாடி வீட்டுக்காரர் இன்னும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கொல்லைப்பக்கம் என்ன இருந்தது என்றால் நான் என்னத்தைச் சொல்ல? காற்றடிக்கும் மெஷின் ஒரு கொட்டகையில் இருந்தது. துணி காயப்போடும் கொடி இருந்தது. நான் சோற்றைப் பார்ப்பேனா, தொட்டியைப் பார்ப்பேனா?

தையல்காரம்மா சொல்வதையெல்லாம் நம்பாதே. அவளுக்கு எப்போதும் எதிலாவது நாற்றம் வரும். தெருவே அவளை மூக்குக்காரி என்றுதான் கூப்பிடும்.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

மாமாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

தையல்காரம்மா சொன்னார் என்று நான் எழுதவே இல்லையே. அவர் ஏதோ சொல்லியிருப்பார் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

சொன்னார்தான். போன வாரம் கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டுப் போனேன். வாசலில் நிறுத்தி, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். உள்ளே அலமாரி நிறைய பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துணிப்பட்டை, அதில் நூலால் தைத்த தேதி. நாற்றம் அதிகமாகும்போதெல்லாம் ஒரு பாட்டில் பிடித்து நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோவாராம். "மேசையில வெச்சா, மூடியத் தொறக்காமலே தள்ளி விடுவாங்க தம்பி. பத்தொம்பது வருஷம். எம் மூக்குலதான் கோளாறுன்னு என் வீட்டுக்காரரே சொன்னாரு. சாகுற வரைக்கும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சாரு."

அவர் எதனால் இறந்தார் என்று கேட்டேன். ரத்தத்தில் ஏதோ நோயாம். அதற்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்படி ஒரு பதிலைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் படித்தேன்.

கிணற்று நீரின் முடிவு நேற்று வந்தது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன், அனுமதித்த அளவைவிட முப்பது மடங்கு. அது தொண்டைக்குள் போகவே கூடாத பொருள். இனி அந்தத் தண்ணீரில் முகம்கூடக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உலோகம் காட்டும் கருவியை வாடகைக்கு எடுத்துக் கொல்லையெல்லாம் நடந்தேன். தரை முழுக்க கான்கிரீட், உள்ளே கம்பி. ஒவ்வோர் அடிக்கும் அலறுகிறது. மேலாளர், "மூலம் தெரியவில்லை என்று எழுதி முடி, வாங்குகிறவர் அவசரப்படுகிறார்" என்கிறார்.

அந்த வீட்டில் பல வருஷம் புழங்கியவள் நீ. மறுபடியும் கேட்கிறேன். அங்கே இன்னொரு தொட்டி இருந்ததா?

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம்.

உமது கடிதத்தைப் படித்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு கெட்ட பெயர் இல்லாமல் வேலை பார்த்தவன் நான். கையெழுத்திட்ட காகிதம் உம்மிடம் இருக்கிறது. அதில் இருப்பதுதான் உண்மை. உமது வேலை விஷயமாக இனி உமது அக்காவுக்கு எழுத வேண்டாம். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
மாமா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இருவரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அக்கா, சாப்பிடு. மாமா, மருந்தை நிறுத்தாதீர்கள்.

எப்போதும் "மாப்பிள்ளை" என்று எழுதுகிறவர் இந்த முறை "தம்பி" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் படிக்க வைத்தது நீங்கள். நான் முதன்முதலில் வேலைக்குப் போட்டுப்போன சட்டை உங்களுடையது. அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதவில்லை, மறக்க முடியாமல்தான் இரண்டு மாதமாகத் தவிக்கிறேன்.

மழலையர் பள்ளியின் படத்தைப் பார்த்தேன். உங்கள் கொல்லை இருக்கும் இடத்தில் குழந்தைகள் தூங்கும் அறை வருகிறது. தரையில் பாய் போட்டுப் படுக்க வைப்பார்களாம். மண்ணுக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி விரிசல் வழியாக மேலே வரும். அறையைச் சாத்தி வைத்தால் அங்கேயே தங்கும்.

ஆகஸ்ட் கடைசிக்குள் மூலம் எது என்று காட்டாவிட்டால் அறிக்கையை அப்படியே முடித்துவிடுவார்கள். அந்த மேனேஜர் என் அக்கா வீட்டுக்காரர் என்று எங்கள் மேலாளரிடம் சொல்லாமல் இருப்பதும் தப்பு. இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 30

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. போனையும் எடுப்பதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

மேலாளரிடம் சொன்னேன். "இதை முதல் நாளே சொல்ல மாட்டியா?" என்று குதித்தார். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். புதிதாக ஒருவர் வந்து நான் போட்ட துளைகளையே மறுபடி எண்ணுகிறார். நான் அவருக்கு வழி காட்டுகிற ஆள்.

தம்பி


ஆகஸ்ட் 12

அன்புத் தம்பிக்கு,

துவைக்கிற கல்லுக்குக் கீழே இருக்கிறது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதத்தான் வரவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

சாலையை அகலமாக்கியபோது முன்பக்கம் புதிதாக இரண்டு தொட்டி புதைத்தார்கள். அதற்கு முன் இருந்தது கொல்லையில் இருந்த பழையது ஒன்றுதான். அதில் ஊற்றியது ஓர் அளவு, மறுநாள் கோல் விட்டுப் பார்த்தால் வேறோர் அளவு. ஒழுகுகிறது என்று மாமா முதலாளியிடம் போய்ச் சொன்னார். சொல்லவில்லை என்று நினைக்காதே. "மண்ணைப் போட்டு மூடுய்யா. தோண்ட ஆரம்பிச்சா பங்கையே மூடச் சொல்லிடுவான். உனக்கும் வேலை இல்ல, எனக்கும் தொழில் இல்ல," என்றார் அவர். பாதிக்கு மணலைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு, துவைக்கிற கல்லைப் பதித்தார்கள். அந்தக் கல்லில் நான் ஒன்பது வருஷம் துணி துவைத்தேன்.

கொஞ்ச நாளிலேயே எங்கள் அடிபம்பில் நாற்றம் வந்தது. அன்று முதல் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்து வந்தது. முதலாளியே ஏற்பாடு செய்தார்.

தையல்காரம்மா ஒரு நாள் வந்தாள். கையில் பாட்டில். "உங்க பம்புலயும் இந்த நாத்தம் வருதா? கொஞ்சம் மோந்து பாருங்களேன்" என்றாள். மோந்து பார்த்தேன். மூளை வரைக்கும் ஏறியது. "ஒண்ணும் வரலியே, உங்களுக்குச் சளி புடிச்சிருக்கும்" என்றேன். அவள் மறுபடியும் மறுபடியும் வந்தாள். தெருவில் நாலு பேர் நிற்கும்போது, "மூக்குக்காரி வர்றா, எல்லாரும் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயரை வைத்தது தெரு இல்லை, தம்பி. நான்.

மாமாவுக்குத் தெரியாமல் இதை எழுதவில்லை. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். படித்துக் காட்டினேன். காதில் விழும்படி சத்தமாகவே படித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தபாலில் போடாதே என்று மட்டும் சொல்லவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்ததே போதும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போதவில்லை.

நான் லீவுக்கு வந்தபோதெல்லாம், "பம்புத் தண்ணியக் குடிக்காத, சளி புடிக்கும்" என்று என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்குவாய். எனக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் சொல்லத் தெரியவில்லை. இதை நினைத்து நினைத்து இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை.

எழுதிவிட்டாய், அதுவரைக்கும் சரி. ஆனால் துவைக்கிற கல் இப்போது இல்லை, யாரோ பெயர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். எங்கள் மேலாளர், கடிதத்தை வைத்துக்கொண்டு கான்கிரீட்டை உடைக்க முடியாது, ஆள் வந்து இடத்தைக் காட்ட வேண்டும் என்கிறார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வா. முழங்கால் வலி என்று எழுதாதே.

தம்பி


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. இவ்வளவு தூரப் பயணத்துக்குப் பிறகு கால் எப்படி? மாமாவுக்கு இருமல் கூடவில்லையே?

அன்று நீ காட்டிய இடத்தில் உடைத்திருந்தால் வெறும் மண்தான் வந்திருக்கும். காரை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாரே மாமா, கதவைத் திறந்துகொண்டு தடுமாறி வந்து, "அங்க இல்ல, ரெண்டடி இந்தப் பக்கம்" என்று செருப்புக் காலால் கோடு போட்டாரே, அங்கே கான்கிரீட்டை உடைத்துக் கடப்பாரையை இறக்கியதும் டங்கென்றது. மூன்று நாள் கழித்துத் தொட்டியை மேலே தூக்கினார்கள். அடிப்பாகம் சல்லடையாக இருந்தது. என் பின்னால் நின்ற இயந்திரக்காரர், "இதுல பெட்ரோல் ஊத்துனாங்களா, மாவு சலிச்சாங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பள்ளி கட்ட வந்தவர் இடமே வேண்டாம் என்று போய்விட்டார். கெட்டுப்போன மண்ணை அள்ளி அப்புறப்படுத்தும் வேலையை எங்கள் கம்பெனி வேறொரு குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. அறிக்கையில் மாமாவின் கையெழுத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அதை மறைக்க நான் முயலவில்லை, மன்னித்துக்கொள்ளச் சொல். முதலாளியைப் பற்றியும் எழுதியிருக்கிறது. அவர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறாராம், கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை. எல்லோரும் செய்ததற்கு ஒரு கிழவர் மட்டும் கையில் கிடைத்திருக்கிறார். இந்த வேலையில் நான் கண்ட நியாயம் இவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். மாமா கோடு போட்ட பிறகு நீ தனியாகத் தையல்காரம்மா வீட்டுக்குள் போனாய். ஒரு மணி நேரம். திரும்பி வந்து காரில் ஏறியவள் ஊர் போய்ச் சேரும்வரை வாயே திறக்கவில்லை என்று மாமா போனில் சொன்னார். அந்த அம்மாவும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன நடந்தது?

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 5

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். மாமாவுக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது. "போயித்தான் ஆகணும்" என்று அவரே சொல்லி, சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார். அறிக்கையில் அந்தப் பத்தி இருப்பது பற்றிக் கேட்டேன். "மாப்பிள்ளை சரியாத்தான் செஞ்சிருக்காரு" என்றார். அவ்வளவுதான்.

நீ கேட்டதைச் சொல்கிறேன்.

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. மெஷினில் ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். பெயர் வைத்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. அழுதேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அழுகை வரவில்லை.

"தெரியும்" என்றாள். "உங்க வீட்டுக்கு வண்டியில கேன் கேனா தண்ணி எறங்குனத இந்த ஜன்னல்லேருந்து பாத்தவதான நான். கொல்லையில பம்பு வெச்சுக்கிட்டு எதுக்குத் தண்ணி வரவழைக்கிறாங்கன்னு எனக்குப் புரியாதா?"

"அப்ப ஏன் என்கிட்ட சண்டைக்கு வரல?" என்றேன்.

"வந்தேனே. அத்தன தடவ வந்தேனே. சண்டைக்குன்னு வேற எப்படி வருவாங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். இப்ப சொன்னத எழுதிக் குடுங்க" என்றாள்.

துணி வெட்டும் மேஜையில் இடம் ஒதுக்கிக் காகிதம் வைத்தாள். நான் எழுத எழுத, தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். நாற்றம் வந்தது மார்ச் மாதம் என்று எழுதினேன். "மார்ச் இல்ல. அதுக்கு முந்தின நவம்பர்" என்றாள். அடித்துத் திருத்தினேன். திருத்திய இடத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடச் சொன்னாள். இத்தனை வருஷம் அலுவலகப் படி ஏறியவளுக்கு அதெல்லாம் அத்துப்படி. இரண்டு பக்கம் வந்தது. முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தாள்.

ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். திட்டுவாள், இல்லை தண்ணீராவது கொடுப்பாள் என்று நினைத்தேன், பார் என் புத்தியை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள், மெஷினை மூடினாள், செருப்பைப் போட்டாள், சாவியை எடுத்தாள். "வெளிய வாங்க, பூட்டணும். நகராட்சி ஆபீஸ நாலு மணிக்குச் சாத்திடுவாங்க" என்றாள்.

தெருவில் வேகவேகமாக நடந்தாள். அந்த வயதில் அப்படி ஒரு நடை. திரும்பிப் பார்க்கவில்லை. முனை திரும்பும்வரை நான் அவள் வீட்டு வாசலிலேயே நின்றேன்.

சாப்பாட்டை விடாதே. எழுது.

அக்கா